பல் விழுவது தலைவிதியா?

தூத்துக்குடியில் தோணி வைத்திருப்பவர் யாரையாவது பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள். "அண்ணாச்சி, தோணியின் அடிப்பலகையில் சிப்பியும் பாசியும் அப்பிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "கரையேற்றிச் சுரண்டுவோம். வேறு என்ன செய்வார்கள்?" என்றுதான் சொல்லுவார். தோணிக்கு ஜாதகம் பார்ப்போம் என்று சொல்ல மாட்டார். சுரண்டினால் பலகை ஆட்டங் கண்டுவிடும், ஆகையால் சிப்பி இருந்தபடியே இருக்கட்டும் என்றும் சொல்ல மாட்டார். தோணிக்குப் பூசை போடுகின்றவர்கூட முதலில் சுரண்டிவிட்டு, பிறகுதான் பூசை போடுகின்றார். முதல் போட்ட பொருள் விஷயத்தில் நம் ஜனங்களுக்குப் பகுத்தறிவு அவ்வளவு சரியாக வேலை செய்கின்றது.

அதே அண்ணாச்சியை வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கீழ்வரிசைப் பல்லின் உட்புறத்தில் மஞ்சளும் கறுப்புமாய்க் காரை அப்பியிருக்கும். ஈறு சிவந்து உப்பியிருக்கும். காலையில் வாய் கொப்பளித்தால் தண்ணீர் சிவப்பாய் விழும். "இதைச் சுரண்டக் கூடாதா?" என்று கேட்டால், "ஐயையோ, பல்லைச் சுத்தம் செய்தால் ஆடிப்போகும், அண்ணாச்சி! வயதானால் பல் விழத்தான் செய்யும். எல்லாம் தலையில் எழுதியபடி" என்கின்றார். தோணிக்கு இருக்கின்ற யோக்கியதை அவருடைய சொந்த வாய்க்கு இல்லாமல் போனதற்குக் காரணம் என்ன என்பதே நமது கேள்வி.

வியாதி இன்னதென்பது

பல் விழுவதற்குக் காரணம் வயது அல்ல, விதியும் அல்ல. நாம் சாப்பிட்ட சில மணி நேரத்திற்குள் பல்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பிசுபிசுப்பான ஒரு படலமாகப் படிகின்றன. அன்றன்றைக்குத் தேய்த்துவிட்டால் அது போய்விடும். தேய்க்காமல் விட்டால் எச்சிலில் இருக்கின்ற சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி, சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்திற்குள் அது காரையாக இறுக ஆரம்பிக்கின்றது. அந்தக் காரையின் சொரசொரப்பில் மேலும் கிருமி தங்குகின்றது. ஈறு வீங்கி ரத்தம் கசிகின்றது. இது முதல் கட்டம். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழையபடி ஆகிவிடும்.

அலட்சியமாக விட்டால் பலருக்கு வியாதி கீழே இறங்குகின்றது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழுகின்றது. நல்ல ஈறில் இந்த இடைவெளி 1 முதல் 3 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். வியாதிப்பட்ட ஈறில் அது 5, 6, 7 என்று ஆழமாகிக்கொண்டே போகும். அதற்குள் காரை வேரோடு ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். அந்த உபத்திரவத்தைத் தாங்காமல் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பு கரைகின்றது. எலும்பு போனால் பல் எதன்மேல் நிற்கும்? அஸ்திவாரத்து மண் கரைந்த வீடு போல் ஆடி, ஒரு நாள் விழுகின்றது. சொத்தை இல்லாத பல், பார்ப்பதற்கு முழுசாயிருக்கின்ற பல், விழுகின்றது. பெரும்பாலும் வலியே இல்லாமல் விழுகின்றது. வலி இல்லாத காரணத்தாலேயே ஜனங்கள் இதை வியாதி என்று ஒப்புக்கொள்வதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, முற்றிய ஈறு வியாதி உள்ளவர்கள் உலகத்தில் 100 கோடிக்கு மேல் இருக்கின்றார்கள். 100 கோடிப் பேருக்கும் ஒரே மாதிரித் தலையெழுத்தை எழுதிய எழுத்தாளன் யார் என்று விதிக்காரர்கள் சொல்லட்டும்.

கடல்கட்டியும் பல்கட்டியும்

நமது கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் "கடல்கட்டி" என்று ஒரு உத்தியோகம் இருந்தது. குளிகாரன் கல்லைக் கட்டிக்கொண்டு பாருக்குள் இறங்கும்போது சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டிவைப்பதுதான் அந்த உத்தியோகம். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோபோலோ என்பவர், மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக எழுதி வைத்திருக்கின்றார். வெள்ளைக்கார சர்க்கார் நடத்திய குளிப்பில்கூட இந்த மந்திரக்காரருக்குச் சிப்பியில் பங்கு கிடைத்துக்கொண்டிருந்தது. மூச்சை அடக்கி உயிரைப் பணயம் வைத்துக் குளித்தவன் ஒருவன். கரையில் உட்கார்ந்து வாயை அசைத்துப் பங்கு வாங்கினவன் வேறொருவன். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடல்கட்டியின் உத்தியோகமும் அதோடு போயிற்று. ஆனால் அவருடைய தொழிலின் சாயல் நம் வாயை விட்டு இன்னும் போகவில்லை.

பல் வலித்தால் மந்திரித்துக் கயிறு கட்டுகின்றார்கள். கண்டங்கத்திரி விதையை நெருப்பிலே போட்டுப் புகையை வாயில் பிடிக்கச் சொல்லி, தண்ணீரில் துப்பச் செய்து, "இதோ பார் புழு!" என்று காட்டுகின்ற வித்தையும் நம் ஊர்களில் நடந்து வந்திருக்கின்றது. ஐரோப்பாவிலும் வேறொரு செடியின் விதையை வைத்துக்கொண்டு இதே வித்தையை நடத்தியவர்கள் இருந்தார்கள். அங்கே கூர்ந்து பார்த்தவர்கள், அந்தப் "புழு" என்பது சூட்டில் வெடித்து வெளியே வந்த விதையின் முளைதான் என்று கண்டு சொன்னார்கள். 1728-ல் பிரெஞ்சு தேசத்தில் பல் வைத்தியத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய பியர் ஃபோஷார் என்பவர், பூதக்கண்ணாடியை வைத்துத் தேடியும் பல்லில் புழு எதையும் காணவில்லை என்று எழுதினார். அவர் எழுதி 290 வருஷத்துக்கு மேலாகின்றது. நம்மில் அநேகர் இன்னும் பல்லில் பூச்சி என்றுதான் பேசுகின்றோம்.

இந்து மதத்தை மட்டும் சொல்லுகின்றார்கள் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டியதில்லை. கத்தோலிக்க மதத்தில் பல்வலிக்கென்றே அப்பொலோனியா என்று ஒரு புனிதவதி உண்டு. கி.பி. 249-ல் அலெக்சாந்திரியாவில் ஒரு கூட்டம் அந்த அம்மையாருடைய பற்களை அடித்து நொறுக்கியதாகச் சொல்லப்படுகின்றது. அந்தக் கொடுமைக்காக நாம் மனதார வருத்தப்படுகின்றோம். ஆனால் பல்லை இழந்து மாண்டுபோன ஒரு பெண்ணின் பேரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினால் நம் வேரில் இருக்கின்ற காரை எப்படி உதிரும்? எந்த மதத்துச் சாமியும் ஈறுக்குள் கை விட்டுச் சுரண்டினதாக நாம் இதுவரை கேள்விப்படவில்லை.

மேல்வரிசைப் பல்லைத் தொட்டால் கண் போய்விடும் என்பது மற்றொரு புரட்டு. பல்லுக்குப் போகின்ற நரம்பு வேறு. பார்வைக்குரிய நரம்பு வேறு. வயதான காலத்தில் பல்லும் ஆடுகின்றது, கண்ணும் மங்குகின்றது. இரண்டையும் முடிச்சுப்போட்டுக் கதை கட்டிவிட்டார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது.

நம்முடைய யோக்கியதை

ஊருக்குப் புத்தி சொல்லுகின்ற நாம் நம்முடைய யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். தாயத்தை அறுத்தெறியுங்கள் என்று மேடை மேடையாய்ப் பேசிய நமக்கு முப்பத்தைந்து வயதிலேயே ஈறில் ரத்தம் வர ஆரம்பித்தது. உடம்புச் சூடு என்று நாமே முடிவு செய்துகொண்டு வாரத்துக்கு இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். நம்மோடு நெருங்கிப் பேசுகின்ற தோழர்கள் மெள்ள முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நமது கருத்துப் பிடிக்கவில்லையோ என்றுதான் நினைத்தோமே தவிர, நமது வாய் நாற்றம் பிடிக்கவில்லை என்பது நமக்கு எட்டவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் பல் டாக்டரம்மா ஒருவர் பார்த்துவிட்டு, "ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும், ஐயா" என்று சொன்னார். நாம் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகாதா?" என்பதுதான். அந்த அம்மையார் பொறுமையாய்ப் பதில் சொன்னார். நாம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டோம். ஆறு வருஷம் திரும்பிப் போகவில்லை.

ஒரு தைப்பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கைக் கடித்தபோது கீழ்வரிசை முன்பல் ஒன்று கிழங்கோடு வந்தது. அடுத்த வருஷம் பக்கத்துப் பல்லும் போயிற்று. அதற்குப் பின்புதான் நமக்குப் புத்தி வந்தது. யாரோ ஒரு கிழவி சொன்னதை, அதற்கு ஆதாரம் என்ன என்று ஒரு தரமாவது கேட்காமல், ஆறு வருஷம் நம்பிக்கொண்டிருந்த நமக்கும், கடல்கட்டிக்குச் சிப்பி கொடுத்தவனுக்கும் என்ன வித்தியாசம்? அவன் பத்துச் சிப்பியை இழந்தான். நாம் இரண்டு பல்லை இழந்தோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் தாயாருக்கு ஐம்பது வயதிலே வாயில் ஒரு பல் கிடையாது. அந்த அம்மாள் உப்பளத்தில் உப்பு வாரினவர். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டவர்; எல்லோரும் வைத்தியம் பார்த்துக்கொண்ட பிறகும் தமக்கென்று ஆஸ்பத்திரிக்குப் போகாதவர். சோற்றைக் கரைத்துக் குடித்தே கடைசிக் காலத்தைக் கழித்தார். "பொம்பளைக்குப் பல் என்னத்துக்கு?" என்று வீட்டில் வேடிக்கை பேசினார்கள். நாமும் சேர்ந்து சிரித்தோம். இன்று அதை நினைக்கும்போது வெட்கமாயிருக்கின்றது.

தேய்க்காத தாத்தாவின் கதை

"எங்கள் தாத்தா பிரஷைக் கண்டதில்லை, எண்பது வயதில் கரும்பு கடித்தார்" என்று டீக்கடையில் ஒருவர் எழுந்து நின்று சவால் விடுவார். அவருடைய தாத்தா கரும்பு கடித்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் மற்றவர்களுடைய தாத்தாக்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கு நம்முடைய இனத்தாரிடமிருந்தே ஒரு கணக்கு இருக்கின்றது.

இந்தத் தூத்துக்குடித் துறையிலிருந்தும் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப்போன தமிழர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ் ஆண் தொழிலாளிகள் 480 பேரை 1970-ல் ஹரால்ட் லோ என்கிற நார்வே தேசத்து டாக்டரும் அவருடைய கூட்டத்தாரும் பரிசோதிக்க ஆரம்பித்து, 1985 வரை பல தடவை பார்த்தார்கள். அந்தத் தொழிலாளிகள் பல் வைத்தியம் என்பதையே காணாதவர்கள். நாம் சொல்லுகின்ற மாதிரி பல்லைச் சுத்தம் செய்யும் பழக்கமும் இல்லாதவர்கள். சொத்தை அநேகமாகக் கிடையாது. காரை மாத்திரம் ஏராளம். 1986-ல் கணக்கு வெளியாயிற்று. 100-க்கு 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, எலும்புக்கு இறங்கவில்லை. 100-க்கு 81 பேருக்கு மெள்ள மெள்ள இறங்கிற்று. இவர்கள் 45 வயதில் சராசரி 7 பல்லை இழந்திருந்தார்கள். மீதி 100-க்கு 8 பேருக்கு வியாதி ஓட்டமாய் ஓடிற்று. 35 வயதில் 12 பல், 40 வயதில் 20 பல், 45 வயதில் வாயில் ஒன்றுமே இல்லை. சிறுவயது முதல் பல் வைத்தியம் பெற்றுவந்த ஆஸ்லோ நகரத்தாரையும் இதே கூட்டத்தார் இதேபோல் கவனித்தார்கள். அவர்களுக்கு வியாதி மிகவும் மெதுவாகவே நகர்ந்தது.

ஆகவே டீக்கடைத் தாத்தா யார் என்று இப்போது விளங்குகின்றதா? அவர் அந்த 11 பேரில் ஒருவர். பல் தப்பினவர் ஊரெல்லாம் பெருமை பேசுவார். பல் போனவர் வாயை மூடிக்கொண்டு கஞ்சி குடிப்பார். பேசினவரை மட்டும் எண்ணி, பேசாதவரை எண்ணாமல் விட்டுவிடுவதினால்தான் இந்த நாட்டில் ஜோசியமும் பிழைக்கின்றது, வேண்டுதலும் பிழைக்கின்றது. ஆளுக்கு ஆள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி வித்தியாசப்படுகின்றது என்பது உண்மையே. ஆனால் நீங்கள் 11-ல் ஒருவரா, 8-ல் ஒருவரா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஈறுக்குள் அளந்து பார்த்தால் தெரியும். கட்டத்தைப் பார்த்தால் தெரியாது.

இன்னொரு பரீட்சையும் கேளுங்கள். அதே லோவும் அவருடைய தோழர்களும் டென்மார்க்கில் நடத்தி 1965-ல் வெளியிட்டது இது. நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிற்று. மறுபடியும் தேய்க்கச் சொன்னார்கள். ஒரு வாரம் சுமாரில் 12 பேருக்கும் ஈறு சரியாயிற்று. இந்தப் பரீட்சையில் எந்தக் கிரகம் பெயர்ச்சியாயிற்று? எந்தச் சாமிக்குக் கோபம் வந்து, எப்போது தணிந்தது?

இங்கிலீஷ் வைத்தியமா?

"இது இங்கிலீஷ் வைத்தியம், நமக்கு ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் போதும்" என்று சில தேசபக்தர்கள் சொல்லுவார்கள். குச்சியை நாம் குறை சொல்லவில்லை. நுனியை மென்று தும்பாக்கித் தேய்த்தால் அதுவும் ஒரு பிரஷ்தான். ஆனால் அது ஈறுக்கு மேலே இருக்கின்ற அழுக்கைத்தான் எடுக்கும். 6 மில்லிமீட்டர் பள்ளத்துக்குள் குச்சியும் போகாது, பிரஷும் போகாது. உப்பைப் போட்டுத் தேய்க்கின்றார்கள். உப்பளத்தில் பிறந்த நமக்கு உப்பின் குணம் தெரியாதா? உப்பு தண்ணீரில் கரையும். காரை உப்புத் தண்ணீரில் கரையாது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் வீக்கத்துக்கு இதமாயிருக்கும், அவ்வளவுதான். கரியும் செங்கல் பொடியும் பல்லைத்தான் தேய்க்குமே ஒழிய, வேரிலுள்ள காரையை ஒன்றும் செய்யாது.

கொப்பளித்தே கிருமியைக் கொன்றுவிடலாம் என்பவர்களுக்கு ஒரு ஜவுளிக்கடைக்காரர் அப்போதே பதில் சொல்லிவிட்டார். ஆலந்து தேசத்து டெல்ஃப்ட் என்கிற ஊரில் லேவன்ஹுக் என்று ஒரு துணி வியாபாரி இருந்தார். சர்வகலாசாலை வாசற்படி மிதிக்காதவர். தாமே கண்ணாடி தேய்த்துப் பூதக்கண்ணாடி செய்து, 1683-ல் தம்முடைய பல் அழுக்கையே எடுத்துப் பார்த்து, அதில் உயிர்ப் பிராணிகள் நெளிவதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வினிகர் என்கிற காடியில் வாய் கொப்பளித்துவிட்டும் பார்த்தார். அழுக்கின் மேற்புறத்தில் இருந்தவைதான் செத்தன. உள்ளே இருந்தவை உயிரோடிருந்தன. இன்றைக்குக் கடையில் கலர் கலராய் விற்கின்ற வாய் கொப்பளிக்கும் மருந்தும், தானாக வாங்கி விழுங்குகின்ற மாத்திரையும், சுரண்டாத காரைக்கு முன்னால் அந்தக் காடியைப் போலத்தான். பட்டம் இல்லாதவர் கண்டுபிடித்தது என்பதற்காக உண்மை உண்மை அல்லாமல் போகவில்லை.

சுரண்டுவதும் வெள்ளைக்காரன் சொத்து அல்ல. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அல்-ஸஹ்ராவி என்கிற அரபு வைத்தியர், பல் காரை சுரண்டுவதற்கென்றே 14 விதக் கருவிகளைப் படம் போட்டுத் தம் புத்தகத்தில் வைத்திருக்கின்றார். அறிவுக்கு ஜாதியும் இல்லை, தேசமும் இல்லை. எவன் கண்டால் என்ன, நமக்குப் பயன்படுகின்றதா என்பதே கேள்வி.

ஆழச் சுத்தம் என்பது என்ன?

டாக்டர்கள் இதை ஸ்கேலிங் என்றும் ரூட் பிளேனிங் என்றும் சொல்லுகின்றார்கள். முதலில் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஈறின் ஆழத்தை அளக்கின்றார்கள். எக்ஸ்ரே எடுத்து எலும்பு எவ்வளவு போயிருக்கின்றது என்று பார்க்கின்றார்கள். பிறகு மரத்துப்போகும் ஊசி போட்டு, தண்ணீர் பீச்சிக்கொண்டே அதிர்கின்ற கருவியினாலும், வளைந்த கைக்கருவியினாலும் வேரில் ஒட்டிய காரையை எடுக்கின்றார்கள். வாயை இரண்டு மூன்று பாகமாகப் பிரித்துக்கொண்டு சில நாட்கள் வரச் சொல்லுவதுண்டு. நமக்கு நான்கு தடவை ஆயிற்று. ஊசி குத்தினதைத் தவிர வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இனி, "ஆடிப்போகும்" என்கின்ற கதைக்கு வருவோம். எலும்பு கரைந்துபோன பல்லைச் சுற்றிக் காரை கட்டிக்கொண்டு, ஒரு பல்லை இன்னொன்றோடு சிமெண்டு போட்டது மாதிரி பிடித்து வைத்திருக்கும். காரையை எடுத்தால் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரியும். வீங்கின ஈறு வற்றினால் ஏற்கெனவே இருந்த சந்து தெரியும். தோணியைச் சுரண்டும்போது அரித்துப்போன பலகை வெளியே தெரிந்தால், சுரண்டினவன்தான் பலகையை அரித்தான் என்று எந்தத் தண்டலாவது சண்டைக்கு வருவாரா? சில வாரங்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். பெரும்பாலும் அது தானே அடங்கும். ஈறு இறுகும், அநேகம் பற்களின் ஆட்டம் குறையும். நமக்கு 7 மில்லிமீட்டர் இருந்த பள்ளம் ஒன்று மூன்று மாதத்தில் 4 ஆயிற்று. மீதிப் பற்கள் இன்றைக்கும் பனங்கிழங்கு கடிக்கின்றன.

இதில் மிகைப்படுத்திச் சொல்லவும் நமக்கு உத்தேசமில்லை. போன எலும்பு இந்தச் சுத்தத்தால் பழையபடி முளைத்துவிடாது. மிகவும் ஆடிப்போன பல்லைக் காப்பாற்ற முடியாமலும் போகலாம். சில ஆழமான பள்ளங்களுக்கு ஈறைத் திறந்து சுத்தம் செய்யவேண்டியிருக்கும். ஒரு தடவை சுரண்டிவிட்டால் ஆயுசுக்கும் போதும் என்பதும் இல்லை; தினம் இரண்டு வேளை தேய்த்து, பல் சந்துகளையும் சுத்தம் செய்து, மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தரம் காட்டிக்கொள்ள வேண்டும். தோணியையும் ஒரே தடவைதானா சுரண்டுகின்றோம்?

பீடி, சுருட்டு, சிகரெட் பிடிக்கின்ற தோழர்கள் தனியாகக் கேட்க வேண்டும். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றது. ஆகையால் வியாதி முற்றியும் ரத்தம் வராது. ரத்தம் வரவில்லையே என்று நீங்கள் தைரியமாயிருப்பீர்கள். எலும்பு உள்ளே போய்க்கொண்டிருக்கும். சர்க்கரை வியாதிக்காரரும் கேட்க வேண்டும். சர்க்கரை ஏறினால் ஈறு கெடுகின்றது. ஈறு கெட்டால் சர்க்கரையை அடக்குவது கஷ்டமாகின்றது. ஈறுக்கு வைத்தியம் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு சராசரி 0.4 சதவிகிதப் புள்ளி அளவுக்கு இறங்குகின்றது என்று 2022-ல் பல பரீட்சைகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கின்றார்கள். இந்த மாவட்டத்தில் சர்க்கரைக்காகச் சாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் முதலில் வாயைத் திறந்து காட்டட்டும்.

டாக்டரையும் கேளுங்கள்

பூசாரியை இறக்கிவிட்டு அந்தப் பீடத்தில் டாக்டரை உட்கார வைப்பது பகுத்தறிவு ஆகாது. வந்தவர்க்கெல்லாம் அளந்து பார்க்காமலே ஆழச் சுத்தம் என்று பில் போடுகின்றவர் இருந்தால் அவரும் ஒரு கடல்கட்டிதான். ஆகையால், "ஆழம் எத்தனை மில்லிமீட்டர்? எந்தெந்தப் பல்லில்? எக்ஸ்ரேயில் காட்டுங்கள்" என்று தைரியமாய்க் கேளுங்கள். யோக்கியமான டாக்டர் சந்தோஷமாய்க் காட்டுவார். ஆழம் இல்லாதவருக்கு மேல்சுத்தமே போதும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள்; எண் குறைந்திருக்கின்றதா என்று பாருங்கள். பல் வைத்தியராகச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்றும் விசாரியுங்கள். பதிவில்லாத வீதி வைத்தியனிடம் மலிவு என்று வாயைத் திறக்காதீர்கள்.

சர்க்காரை நாம் கேட்பது

"சுத்தம் செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உப்பளத்துத் தோழனுக்கும், துறைமுகத்தில் மூட்டை சுமக்கின்ற தோழனுக்கும், மீன் கூடை சுமக்கின்ற பெண்ணுக்கும் நாலு நாள் ஆஸ்பத்திரி என்றால் நாலு நாள் கூலி போயிற்று. தனியார் இடத்துக்குப் போனால் கூலியோடு கடனும் சேர்ந்தது. பிடுங்குவது ஒரே நாளில் முடிந்துவிடுகின்றது. ஆகவே ஏழை பல்லைப் பிடுங்கிக்கொள்ளுகின்றான், பணக்காரன் பல்லைக் காப்பாற்றிக்கொள்ளுகின்றான். பிறகு, "அவன் விதி" என்று பணக்காரன் சொல்லுகின்றான். "என் விதி" என்று ஏழையும் சொல்லுகின்றான். விதி என்கின்ற வார்த்தை யாருக்குச் சௌகரியம் என்று தெரிகின்றதல்லவா?

இந்தியாவில் முதல் பல் வைத்தியக் கல்லூரியை 1920-ல் கல்கத்தாவில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது என்பவர் ஆரம்பித்தார். சென்னையில் சர்க்கார் பல் வைத்தியக் கல்லூரி 1953-ல்தான் வந்தது. ஆயிரம் வருஷக் கோயில் ஊருக்கு ஊர் இருக்கின்ற நாட்டில் பல்லைப் பற்றிய படிப்பு நேற்றுத்தான் வந்தது. வந்ததாவது எல்லோருக்கும் எட்ட வேண்டாமா?

நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. இந்த மாவட்டத்து ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியின் வாசலிலும் மாதா மாதம் இரண்டே எண்களை எழுதி ஒட்டட்டும்: இந்த மாதம் பிடுங்கின பல் எத்தனை? ஈறு அளந்து ஆழச் சுத்தம் செய்யப்பட்டவர் எத்தனை பேர்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் காரியம் எப்படி நடக்கின்றது என்று ஜனங்களுக்கே விளங்கிவிடும். அதிகாலையில் அளத்தில் இறங்குகின்றவர்கள் வந்துபோகும்படி மாலை வேளையிலும் பல் வைத்தியம் நடக்கட்டும். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை வாங்க வருகின்ற ஒவ்வொருவருடைய ஈறையும் அங்கேயே பார்க்கட்டும்.

தோழர்களே! இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உங்கள் கீழ்வரிசைப் பல்லின் உட்புறத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெண்களையும் பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமாய், கடைசியில் சாப்பிடுகின்ற அந்தத் தாயாரைப் பார்க்கச் சொல்லுங்கள். காரை இருந்தால், ரத்தம் வந்தால், பல் ஆடினால், அது உங்கள் தலையில் எழுதியது அல்ல, பல்லின்மேல் படிந்தது. தலையில் எழுதியதை அழிக்க முடியாது என்றுதானே சொல்லிக் கொடுத்தார்கள்? பல்லில் படிந்ததைச் சுரண்ட முடியும். இருக்கின்ற பல்லையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று இரண்டு பல்லை இழந்த நாம் கேட்டுக்கொள்ளுகின்றோம்.